மே சதுக்கத்து அன்னையர்

சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது என்றும், தேர்க்காலில் கன்றை இழந்த பசு அம்மணியின் கயிற்றை இழுத்து நீதி கேட்டது என்றும் தமிழ் மாணவர் இளமையிலேயே படிக்கின்றனர். மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனைப் போற்றுவதற்காகவே அக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆயினும் அக்கதையில் நீதியை முதலில் தேடி வந்தது தாய்ப்பசுவே. அதற்கு வாயில் திறந்திருந்தது, மணி தொங்கியது, ஓசையைக் கேட்கும் செவியும் உள்ளே இருந்தது. இம்மூன்றும் இல்லாத ஒரு நாட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கே போவாள்? யாரிடம் முறையிடுவாள்?

இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டில் விடை கண்டவர்கள் அர்ஜென்டினா நாட்டுத் தாய்மார்கள். 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், தலைநகர் புவெனஸ் அயர்சில், அரசு மாளிகைக்கு எதிரேயுள்ள மே சதுக்கத்தில் 14 பெண்கள் வந்து கூடினர். அவர்களுக்குக் கட்சி இல்லை, கொடி இல்லை, மேடைப் பேச்சும் தெரியாது. பெரும்பாலோர் அடுப்பங்கரையையும் பிள்ளைகளையும் அன்றி வேறு உலகம் அறியாதவர்கள். அவர்களை அங்கே ஒன்றுசேர்த்தது ஒரே துயரம். ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கவேண்டும் என்ற ஒரே எண்ணம்.

ஆட்சிக் கவிழ்ப்பும் இருண்ட காலமும்

1976ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அர்ஜென்டினாவில் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அதிபர் இசபெல் பெரோன் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தரைப்படைத் தளபதி வீடெலா, கடற்படைத் தளபதி மசேரா, வான்படைத் தளபதி அகோஸ்தி ஆகிய மூவரும் ஆட்சிக்குழுவாக அமர்ந்தனர். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முடக்கப்பட்டன, செய்தித்தாள்கள் வாய்மூடின.

அதற்கு முந்திய ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களும், வலதுசாரிக் கொலைக் கும்பல்களின் வெறியாட்டமும் நாட்டை அலைக்கழித்தது உண்மை. அவற்றை ஒடுக்கவே வந்தோம் என்றனர் தளபதிகள். ஆனால், அவர்கள் விரித்த வலை ஆயுதம் ஏந்தியோரை மட்டும் பிடிக்கவில்லை. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், ஏழைகளிடையே தொண்டு செய்த பாதிரியார்கள், கன்னியர்கள் என எல்லாரையும் அது வாரிச் சுருட்டியது. இரவில் எண்பலகை இல்லாத மோட்டார் வண்டிகள் வந்து நிற்கும். ஆயுதம் தாங்கியோர் வீட்டுக்குள் புகுவர். இளைஞனையோ இளம்பெண்ணையோ கண்ணைக் கட்டி இழுத்துச் செல்வர். மறுநாள் காவல் நிலையத்தில் கேட்டால் அப்படியொருவர் எங்களிடம் இல்லை என்பர். படைமுகாமில் கேட்டாலும் அதே விடை. நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுத்தாலும் அதே விடை.

நாடெங்கும் ஏறத்தாழ 340 மறைமுகத் தடுப்பு முகாம்கள் இயங்கியது பின்னாளில் தெரியவந்தது. அவற்றுள் பெரியவற்றுள் ஒன்று தலைநகருக்குள்ளேயே இருந்த கடற்படைத் தொழில்நுட்பப் பள்ளி. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அதன் வாயிலுக்குள் கொண்டு செல்லப்பட்டனர்; மீண்டவர் மிகச் சிலர். பிறரை மயக்க மருந்து செலுத்தி, விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலிலும் ஆற்றிலும் வீசினர். 1995இல் கடற்படை அதிகாரியாக இருந்த சிலிங்கோ என்பவர் இக்கொடுமையில் தமக்கிருந்த பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மக்களாட்சி மீண்டபின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, 8,960 பேர் காணாமற்போனதை 1984இல் ஆவணப்படுத்தியது. அஃது இறுதிக் கணக்கன்று என்று அக்குழுவே கூறியது. மனித உரிமை அமைப்புகள் கூறும் எண் 30,000.

மரணத்தினும் கொடியது

மரணத்திற்குச் சடங்கு உண்டு. உடலைக் குளிப்பாட்டலாம், கட்டியழலாம், எரிக்கலாம் அல்லது புதைக்கலாம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தபின் வீடு மெல்ல மெல்லத் தன் நடைக்குத் திரும்பும். காணாமற்போனவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்காக அழுதால் அவன் இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகும். அழாவிட்டால் நெஞ்சு வெடிக்கும்.

இத்துயரத்தை மலாயாத் தமிழர் அறியாதவரல்லர். ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. போனவர் இறந்தாரா, இருக்கிறாரா என்பதறியாமல் லயத்து வாசலில் காத்திருந்த தாயரும் மனைவியரும் அன்று தோட்டந்தோறும் இருந்தனர். அர்ஜென்டினாவில் நிகழ்ந்தது வேறு காலம், வேறு காரணம். ஆயினும், வாசலைப் பார்த்திருக்கும் கண்ணின் வலி ஒன்றே.

கதவு கதவாக

பிள்ளையைத் தேடிய தாயர் முதலில் தனித்தனியாகவே அலைந்தனர். காவல் நிலையம், மருத்துவமனை, சிறைச்சாலை, பிணக்கிடங்கு, உள்துறை அமைச்சு, படைத்துறைப் பாதிரியாரின் அலுவலகம் என ஒவ்வொரு வாயிலிலும் காத்துக் கிடந்தனர். அலுவலர்கள் பெயரை எழுதிக்கொள்வர். நாளை வா என்பர். உன் மகன் வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான் என்பர். பிள்ளையை ஒழுங்காக வளர்த்தாயா என்றும் கேட்பர்.

வெளியே வந்தாலும் ஆறுதல் இல்லை. அஞ்சிய உறவினர் வருவதை நிறுத்தினர். அண்டை வீட்டார் தெருவின் மறுபுறம் மாறி நடந்தனர். ஏதோ செய்திருப்பான், அதனால்தான் கொண்டுபோனார்கள் என்ற பேச்சு எங்கும் உலவியது. அச்சம் ஊரையே ஊமையாக்கிய காலத்தில், துயருற்ற வீடு தீண்டத்தகாத வீடாயிற்று.

ஆனால், மீண்டும் மீண்டும் அதே வரிசைகளில் நின்றதால் அத்தாயர்க்கு ஒருவர் முகம் மற்றவர்க்குப் பழக்கமாயிற்று. நீங்களும் மகனைத் தேடியா வந்தீர்கள் என்ற ஒரு கேள்வியே உறவாயிற்று. அரசு அவர்களைக் காக்கவைத்த அதே நடைக்கூடங்களில்தான் அவர்களது ஒற்றுமை கருக்கொண்டது.

அவர்களுள் ஒருவர் அசுசேனா வில்யாப்ளோர். 1924இல் பிறந்தவர்; தொழிலாளர் குடும்பத்தவர்; மணமாகுமுன் தொழிற்சாலை ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராகப் பணிபுரிந்தவர்; நான்கு பிள்ளைகளின் தாய். 1976 நவம்பர் 30ஆம் நாள் அவருடைய மகன் நெஸ்தோரும், அவன் மணக்கவிருந்த பெண்ணும் கடத்தப்பட்டனர். பல மாதங்கள் அலைந்த அசுசேனா ஓர் உண்மையைக் கண்டார். தனித்தனியே இருட்டறைகளில் கெஞ்சுவதால் பயனில்லை. அனைவரும் சேர்ந்து, வெளிச்சத்தில், நாடே காணும் இடத்தில் நிற்கவேண்டும். அதற்கு மே சதுக்கத்தினும் சிறந்த இடம் இல்லை என்றார் அவர்.

வியாழக்கிழமை நடை

மே சதுக்கம் அர்ஜென்டினாவின் இதயம் போன்றது. 1810ஆம் ஆண்டின் மே புரட்சியின் பெயரைத் தாங்கியது. அதிபர் மாளிகையும், தலைமைத் தேவாலயமும், பழைய நகரமன்றமும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. நடுவே மே தூபி எனப்படும் நினைவுச் சின்னம் உள்ளது.

அங்கு முதல்நாள் வந்த 14 பேருள் நால்வர் உடன்பிறந்த சகோதரியர். அவர்களுள் ஒருவருடைய மகனே காணாமற்போனவன். ஏனைய மூவரும் உடன்பிறந்தவளைத் தனியே விடமனமின்றி வந்தவர்கள். அன்று சனிக்கிழமை, அலுவலகங்களுக்கு விடுமுறை, சதுக்கத்தில் ஆளரவமே இல்லை. யாரும் காணாத இடத்தில் நிற்பதால் என்ன பயன் என்று எண்ணி, அடுத்த கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினர். வெள்ளி ஆகாத நாள் என்று அவர்களுள் ஒருவர் கூறவே, வியாழனுக்கு மாற்றினர். இவ்வாறு ஒரு தாயின் எளிய நம்பிக்கையால் அமைந்த வியாழக்கிழமை மாலை மூன்றரை மணி, பின்னர் உலக வரலாற்றில் இடம் பெற்றது.

நாட்டில் அவசரநிலை நடைமுறையில் இருந்தது. கூட்டம் கூடுதல் குற்றம். கூடி நின்ற பெண்களைக் கண்ட காவலர், நிற்கக்கூடாது, நடங்கள் என்று விரட்டினர். தாயரும் நடந்தனர். இருவர் இருவராகக் கைகோத்து, மே தூபியைச் சுற்றிச் சுற்றி நடந்தனர். கலைந்து போகச் சொன்ன கட்டளையே அவர்களது போராட்ட முறையாயிற்று.

1977 அக்டோபரில் லுகான் நகரத்து மாதா கோயிலுக்குப் பெருந்திரளான மக்கள் நடைப்பயணம் செல்லும் காலம் வந்தது. அக்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண்பது எங்ஙனம்? பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது கட்டிய வெண்ணிற அரைத்துணி எந்தத் தாயின் பெட்டியிலும் இருக்குமே என்றார் ஒருவர். அத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தனர். அன்றுமுதல் வெள்ளைத் தலைத்துணி அவர்களின் சின்னமாயிற்று. எந்த நாட்டுக் கொடியும் இத்தகைய துணியால் தைக்கப்பட்டதில்லை.

ஒருவர்க்கொருவர் துணை

இவ்வன்னையரின் வரலாற்றில் மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது அவர்கள் அரசை எதிர்த்ததை மட்டுமன்று. அவர்கள் ஒருவரையொருவர் தாங்கிய முறையையும் ஆகும்.

ஒரு தாய்க்குக் கிடைத்த செய்தி எல்லாருக்கும் உரியதாயிற்று. எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுப்பது, அதை எப்படி எழுதுவது என்பதை அறிந்தவர் அறியாதவர்க்குக் கற்பித்தனர். எழுத்தறிவு குறைந்தவர்க்குப் படித்தவர் எழுதிக் கொடுத்தனர். பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழைத் தொழிலாளியின் மனைவியும், கத்தோலிக்கரும் யூதரும் அங்கே கைகோத்து நடந்தனர். பிள்ளை எந்தக் கட்சியைச் சேர்ந்தவன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

காவலர் ஒரு தாயிடம் அடையாள அட்டையைக் கேட்டால், உடனிருந்த அத்தனை பேரும் தத்தம் அட்டையை நீட்டினர். எல்லாவற்றையும் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க நெடுநேரம் ஆகும். அந்நேரம் முழுவதும் அவர்கள் சதுக்கத்தில் சட்டப்படி நிற்பர். ஒருத்தியைக் கைது செய்தால், எங்களையும் கொண்டு செல்லுங்கள் என்று பிறரும் முன்வந்தனர். சதுக்கம் மூடப்பட்ட நாள்களில் தேவாலயங்களில் சந்தித்தனர். செபத்தின் இடையே செய்தியைப் பரிமாறினர். பணத்தாள்களில் தங்கள் கோரிக்கையை எழுதிப் புழங்கவிட்டனர். துண்டறிக்கையைக் கிழித்து எறிவோர் உண்டு. பணத்தாளைக் கிழித்து எறிவோர் உண்டோ?

ஆட்சியாளர் அவர்களைப் பைத்தியக்காரிகள் என்று ஏளனம் செய்தனர். அந்த ஏளனமே முதலில் அவர்களுக்குக் கவசமாக அமைந்தது. கிழவிகள் கொஞ்ச நாள் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தளபதிகள் எண்ணினர். தந்தையர் வந்தால் உடனே பிடித்துச் செல்வர் என்று அஞ்சியே பல குடும்பங்களில் தாயர் முன்னின்றனர். எல்லா வீடுகளிலும் ஆதரவு இருந்ததெனக் கூறமுடியாது. தையல் ஆசிரியையாக இருந்த நோரா கோர்த்தீன்யாசின் மகன் 1977 ஏப்ரலில் கடத்தப்பட்டான். மனைவி வெளியே செல்வதை விரும்பாத கணவரின் சொல்லைக் கடந்தே அவர் சதுக்கத்துக்கு வந்தார். 2024இல் மறையும் வரையில் அவர் நடப்பதை நிறுத்தவில்லை.

காட்டிக்கொடுத்த முத்தம்

ஏளனத்தால் அடங்காதவர்களை அடக்க அரசு வேறு வழி தேடியது. 1977ஆம் ஆண்டு, காணாமற்போன ஒருவனின் தம்பி என்று கூறிக்கொண்டு ஓர் இளைஞன் அன்னையரிடம் வந்து சேர்ந்தான். பொன்னிற முடியும் அப்பாவி முகமும் கொண்ட அவனிடம் அவர்கள் இரக்கம் கொண்டனர். உனக்கு ஆபத்து, சதுக்கத்துக்கு வராதே என்று தாயன்போடு எச்சரித்தனர். அவன் உண்மையில் ஆல்பிரெடோ ஆஸ்திஸ் என்னும் கடற்படை அதிகாரி.

அப்போது அன்னையர், காணாமற்போனோரின் பெயர்ப்பட்டியலைச் செய்தித்தாளில் விளம்பரமாக வெளியிடப் பணம் திரட்டிக்கொண்டிருந்தனர். டிசம்பர் 8ஆம் நாள் சாந்தா குரூஸ் தேவாலயத்தில் அதற்காகக் கூடினர். எவரெவரைப் பிடிக்கவேண்டும் என்பதை ஆஸ்திஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தான் என்பர். எஸ்தர் பாலெஸ்திரினோ, மரியா போன்சே ஆகிய இரு தாயரும், ஆலிஸ் தொமோன் என்னும் பிரெஞ்சுக் கன்னியரும், வேறு சிலரும் இழுத்துச் செல்லப்பட்டனர். இரு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் நாள், உலக மனித உரிமை நாளன்று, விளம்பரம் வெளிவந்தது. அந்தச் செய்தித்தாளை வாங்க வீட்டிலிருந்து புறப்பட்ட அசுசேனா வழியில் கடத்தப்பட்டார். அதே நாளில் லியோனி துக்கே என்னும் மற்றொரு பிரெஞ்சுக் கன்னியரும் பிடிக்கப்பட்டார். மொத்தம் 12 பேர்.

இவர்களுள் எஸ்தரின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. பராகுவே நாட்டில் வளர்ந்த அவர் ஒரு வேதியியல் அறிஞர். அவர் பொறுப்பில் இருந்த ஆய்வுக்கூடத்தில் இளமையில் வேலை பார்த்தவரே பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆனார். எஸ்தரின் 16 வயது மகள், கருவுற்றிருந்த நிலையில், 1977 ஜூனில் கடத்தப்பட்டு, சில மாதங்களில் விடுவிக்கப்பட்டாள். எஸ்தர் மகளை வெளிநாட்டில் பாதுகாப்பாகச் சேர்த்துவிட்டுச் சதுக்கத்துக்குத் திரும்பி வந்தார். உங்கள் பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே, இனி நீங்கள் ஏன் வரவேண்டும் என்று மற்றத் தாயர் கேட்டனர். எல்லாருடைய பிள்ளைகளும் கிடைக்கும்வரை வருவேன் என்பதே அவர் விடை. தன் மகள் மீண்டபின் பிறர் மக்களுக்காக நடந்தவர் அவர்; அதற்காகவே உயிரை ஈந்தார்.

இலக்கணம் சொல்லும் நீதி

தலைவியை இழந்த இயக்கம் சிதறியிருக்கவேண்டும். அச்சத்தால் பலர் வராமற்போனதும் உண்மை. ஆயினும் வியாழக்கிழமை நடை நிற்கவில்லை. 1978 ஜூன் 1ஆம் நாள் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி அர்ஜென்டினாவில் தொடங்கியது. அதுவும் ஒரு வியாழக்கிழமை. உலகின் கண்கள் விளையாட்டரங்கின்மேல் இருக்க, நெதர்லாந்துத் தொலைக்காட்சியினர் சதுக்கத்துக்கு வந்து அன்னையரைப் படம் பிடித்தனர். அரசு மறைக்க முயன்றதை உலகம் கண்டது. 1979 ஆகஸ்டில் அன்னையர் முறையான சங்கம் அமைத்தனர். இரு மகன்களையும் ஒரு மருமகளையும் இழந்த எபே தெ பொனாபினி தலைவரானார். அவர் தொடக்கப்பள்ளிக் கல்வி மட்டுமே பெற்றவர்.

அந்த ஆண்டு இறுதியில் செய்தியாளர் ஒருவர் காணாமற்போனோரைப் பற்றி வீடெலாவிடம் வினவினார். காணாமற்போனவன் உயிரோடு இருப்பவனும் அல்லன், இறந்தவனும் அல்லன், அவன் இல்லாதவன் என்னும் பொருள்பட அவர் விடை கூறினார்.

இங்கே தமிழாசிரியர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'காணாமற்போனான்' என்பது தன்வினை. அதன் எழுவாய் போனவனே. செய்தவன் எவனும் அத்தொடரில் இல்லை. ஸ்பானிய மொழியிலும் அச்சொல் அவ்வாறே வழங்கியது. ஆட்சியாளர்க்கு அந்த இலக்கணம் வசதியாக இருந்தது. அன்னையரோ, எங்கள் பிள்ளைகள் தாமே காணாமற்போகவில்லை, அவர்களைக் காணாமலாக்கினீர்கள் என்றனர். பிறவினை வந்தவுடன் வினைமுதல் ஒருவன் வந்தே தீரவேண்டும். யார் செய்தார், எங்கே செய்தார், யார் கட்டளையிட்டார் என்ற கேள்விகள் எழுந்தே தீரவேண்டும். உயிரோடு கொண்டு சென்றவர்களை உயிரோடு திருப்பித் தாருங்கள் என்ற அவர்களது முழக்கம் அறியாமையால் எழுந்ததன்று. மறைக்கப்பட்ட எழுவாயை நாடறியச் செய்யும் கோரிக்கை அது.

பாட்டியரின் தேடல்

கடத்தப்பட்ட பெண்களுள் பலர் கருவுற்றிருந்தனர். சிறையில் பிறந்த குழந்தைகளைப் பிரித்தெடுத்துப் படையினரின் குடும்பங்களுக்கும் பிறருக்கும் கொடுத்துவிட்டு, தாயரைக் கொன்றனர். இவ்வாறு பறிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர் என்பது பாட்டியரின் கணக்கு. அக்குழந்தைகளைத் தேட 1977இன் இறுதியில் அன்னையருள் 12 பேர் தனி அமைப்பாயினர். அதுவே மே சதுக்கத்துப் பாட்டியர் சங்கம்.

அவர்கள் தேநீர் விடுதிகளில் பிறந்தநாள் கொண்டாடுவோர் போல நடித்துக் கூடினர். தொலைபேசியில் பேசும்போது குழந்தைகளைப் பூக்கள் என்றும், போப்பாண்டவரை வெள்ளை மனிதர் என்றும், தங்களைக் கிழட்டு அத்தைகள் என்றும் குறிப்பிட்டனர். பெற்றோர் இருவரும் இறந்தபின் பேரக்குழந்தையின் உறவை மெய்ப்பிப்பது எப்படி என்று அறிவியலாரை நாடினர். மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க மரபியல் அறிஞர் உள்ளிட்டோர் பாட்டியின் குருதியைக் கொண்டு பேரக்குழந்தையை இனங்காணும் முறையை வகுத்தனர். தாய்வழியே மாறாது வரும் மரபணுக்கூறு இதற்குப் பின்னர்ப் பெரிதும் உதவியது. 1987இல் இதற்கெனத் தேசிய மரபணு வங்கி சட்டப்படி நிறுவப்பட்டது. பாட்டியரின் கண்ணீர் ஓர் அறிவியல் முறைக்கு வித்தாயிற்று. 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டனர். சங்கத் தலைவர் எஸ்டெலா தெ கார்லொட்டோ தம் சொந்தப் பேரனைக் கண்டடைந்தது 2014 ஆகஸ்டில். அவன் பிறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர்.

நீதியும் பிளவும்

1982இல் மால்வினாஸ் தீவுப் போரில் தோல்வியுற்ற இராணுவ ஆட்சி தளர்ந்தது. 1983 டிசம்பர் 10ஆம் நாள் அல்போன்சின் மக்களால் தெரிவு செய்யப்பட்ட அதிபராகப் பதவியேற்றார். 1985இல் ஆட்சிக்குழுத் தளபதிகள் ஒன்பதின்மர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வீடெலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மூவர் குறைந்த தண்டனை பெற்றனர், நால்வர் விடுதலையாயினர்.

ஆனால், நீதியின் பாதை நேராக இல்லை. 1986, 1987ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மேலும் வழக்குகள் தொடர்வதைத் தடுத்தன. அடுத்து வந்த அதிபர் மெனெம் தண்டனை பெற்ற தளபதிகளுக்கு 1990இல் மன்னிப்பு அளித்தார். அத்தடைச் சட்டங்களை 2003இல் நாடாளுமன்றம் நீக்கியது. 2005இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லா என்றது. பின்னர் வழக்குகள் மீண்டும் எழுந்தன. ஆஸ்திஸ் 2011இல் ஆயுள் தண்டனை பெற்றார். வீடெலா 2013இல் சிறையிலேயே இறந்தார்.

இதற்கிடையில் அன்னையருக்குள்ளும் பிளவு நேர்ந்தது. 1986இல் அவர்கள் இரு பிரிவாயினர். புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண்பதையும், இழப்பீடு பெறுவதையும் எபேயின் பிரிவு மறுத்தது. எலும்பைப் பெற்றுக்கொண்டால், குற்றவாளியைத் தண்டிக்குமுன் மரணத்தை ஏற்றதாகும் என்பது அவர் வாதம். பிள்ளையின் எலும்பையேனும் கண்டு அடக்கம் செய்யவேண்டும், அவ்வெலும்பே நீதிமன்றத்தில் சாட்சியாகும் என்றனர் மற்றவர். இரண்டும் தாயுள்ளத்தின் குரலே. எது சரி என்று வெளியார் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. பிரிந்தபின்னும் இரு பிரிவினரும் அதே வியாழன்று, அதே சதுக்கத்தில், அதே வெள்ளைத் துணியுடன் நடந்தனர் என்பது நினைக்கத்தக்கது. 2016 ஆகஸ்டில் அந்த நடை 2000ஆவது வியாழனை எட்டியது.

கடல் திருப்பித் தந்தது

1977 டிசம்பர் இறுதியில் அட்லாண்டிக் கடற்கரையில் சில உடல்கள் ஒதுங்கியிருந்தன. உள்ளூரார் அவற்றைப் பெயரறியாதோர் என்று ஜெனரல் லவால்யே ஊர்க் கல்லறையில் புதைத்தனர். 2005இல் அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியலார் அவ்வெலும்புகளை ஆராய்ந்தனர். அவை அசுசேனா, எஸ்தர், மரியா போன்சே, லியோனி துக்கே முதலியோருடையவை எனத் தெரிந்தது. உயரத்திலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட முறிவுகள் எலும்புகளில் காணப்பட்டன. கொலைகாரர் எந்தச் சாட்சியை ஒழிக்கக் கடலில் எறிந்தனரோ, அந்தச் சாட்சியைக் கடலே கரைசேர்த்திருந்தது. அவர்களை ஏற்றிச் சென்ற விமானமும் பின்னர்க் கண்டறியப்பட்டது. விமானிகள் இருவர் 2017இல் ஆயுள் தண்டனை பெற்றனர்.

எஸ்தரும் மரியா போன்சேயும், அவர்கள் கடத்தப்பட்ட சாந்தா குரூஸ் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். 2005 டிசம்பர் 8ஆம் நாள் அசுசேனாவின் சாம்பல் மே தூபியின் அடியில் இடப்பட்டது. எந்தத் தூபியைச் சுற்றி நடக்கத் தாயரை அழைத்து வந்தாரோ, அதன் அடியிலேயே அவர் இளைப்பாறினார். மகன் நெஸ்தோரை அவர் கண்டாரில்லை.

பிற நாடுகளில்

அர்ஜென்டினத் தாயர் தனித்து நிற்கவில்லை. எல் சல்வடோரிலும் குவாத்தமாலாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாயரும் மனைவியரும் அதே காலத்தில் ஒன்றுசேர்ந்தனர். 1984இல் யாழ்ப்பாணத்தில் தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டபோது, தாய்மார்கள் அன்னையர் முன்னணியாகத் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்றனர். 1990இல் இலங்கையின் தென்பகுதியில் சிங்களத் தாய்மார்கள், காணாமற்போன தம் பிள்ளைகளுக்காக அதே பெயரில் முன்னணி அமைத்தனர். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும், 2017 பிப்ரவரியில், கிளிநொச்சியில் தமிழ்த் தாயர் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்தனர். மொழி வேறு, சமயம் வேறு; கையிலிருந்த படமும் கண்ணிலிருந்த கேள்வியும் ஒன்றே.

கற்கத்தக்கது

இவ்வன்னையர் தங்கள் பிள்ளைகளை மீட்டாரா என்று ஒரு மாணவன் கேட்டால், பெரும்பாலோர் மீட்கவில்லை என்றே ஆசிரியர் விடை கூறவேண்டும். அதனை மறைத்து இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லுதல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால், பிள்ளைகள் பிறந்ததையும், அவர்களுக்குப் பெயர் இருந்ததையும், அவர்களை யார் கொண்டுபோனார் என்பதையும் நாடு மறந்துவிடாதபடி அவர்கள் செய்தனர். இல்லாதவன் என்று ஆட்சியாளன் சொன்னவனை, இருந்தவன் என்று நிலைநாட்டினர்.

தனித்திருந்தவரை ஒவ்வொரு தாயும் ஓர் அலுவலகத்தின் வாசலில் கெஞ்சிய பெண்தான். கைகோத்தபின் அவர்களே நாட்டின் மனச்சான்று ஆயினர். இம்மாற்றத்திற்கு அவர்களிடம் இருந்தவை ஒரு பழைய துணி, வாரத்தில் அரைமணி நேரம், பக்கத்தில் நடக்க இன்னொரு தாய் ஆகிய இவை மட்டுமே.

அவர்களது அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி இல்லை. ஆகவே, அவர்கள் வியாழன்தோறும் தங்கள் காலடி ஓசையையே மணியாக ஒலிக்கச் செய்தனர்.